எவர்சில்வர் தட்டில் படியும் வெள்ளை: டிஷ்வாஷர் பற்றிய கேள்விகள்

கேள்வி: வள்ளியூரில் இருக்கிறோம். வீட்டில் புழங்குவதெல்லாம் போர் தண்ணீர்தான். நான்கு மாதங்களுக்கு முன் டிஷ்வாஷர் வாங்கினோம். முதல் மாதம் பாத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. இப்போது எவர்சில்வர் தட்டுகளிலும் கண்ணாடி டம்ளர்களிலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படிகிறது. பழுது பார்க்க வந்தவர் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்கிறார். இயந்திரத்துக்கென விற்கும் உப்பு விலை கூடுதல் என்பதால் தூத்துக்குடிக் கல்லுப்பைப் போட்டு வருகிறோம். அது தவறா?

பதில்: பாகம் மாற்றப் பணம் கொடுப்பதைச் சில நாட்கள் தள்ளி வையுங்கள். வெள்ளை படிந்த டம்ளர் ஒன்றில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். வெள்ளை போய்விட்டால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்புப் படிவுதான். போகாமல் கண்ணாடி மங்கலாகவே இருந்தால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்; அதை மீட்க முடியாது. உங்களுக்கு எவர்சில்வரிலும் படிவதால், பெரும்பாலும் சுண்ணாம்பாகவே இருக்கும்.

கல்லுப்பைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் தேவையான கேள்வி. உப்பளம் இவ்வளவு அருகில் இருக்கும்போது உப்புக்குத் தனி விலை கொடுக்க நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்த உப்பு பாத்திரத்தைக் கழுவுவதற்கானதன்று. இயந்திரத்தின் அடிப்பகுதியில் நுண்ணிய பிசின் மணிகள் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது; உள்ளே வரும் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அந்த மணிகள் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும், உப்புக் கரைசல் அவற்றின் மேல் பாய்ந்து, பிடித்து வைத்த கால்சியத்தை வெளியேற்றி மீண்டும் தயாராக்குகிறது. கடல்நீரை வெயிலில் காய்ச்சி எடுக்கும் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் சிறிதளவு ஒட்டியிருக்கும். கரையாத மண்ணும் இருக்கும். எதை வெளியேற்ற உப்புப் போடுகிறோமோ, அதையே திரும்ப உள்ளே அனுப்புகிறோம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பொடி உப்பும் வேண்டாம். அது இறுகிக் கட்டியாகிவிடும். தூய்மையான, பெரிய பரல்களாக உள்ள டிஷ்வாஷர் உப்பையே வாங்குங்கள். உப்பை நிரப்பியவுடன் ஒரு முறை இயந்திரத்தை ஓட்டிவிட வேண்டும். சிந்திய உப்புநீர் உள்ளே தேங்கினால் உட்புற எவர்சில்வரையே அரிக்கும்.

உப்பை மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தின் அளவை, இயந்திரத்தில் குறித்து வைக்க வேண்டும். பொருத்த வருபவர்கள் பலர் இதைச் செய்யாமலே போய்விடுகிறார்கள். டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணை வைத்து இந்த அளவைக் குறிக்கக் கூடாது. அது கரைந்துள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது, கடினத்தன்மை வேறு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கடினத்தன்மையைச் சொல்வார்கள். இயந்திரத்தின் கையேடு, கடினத்தன்மைக்கான இன்னொரு அலகான ஜெர்மன் டிகிரியில் கேட்டால், அந்த எண்ணை 17.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிலையின்படி குடிநீருக்கு வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவான 600 மில்லிகிராம், ஏறத்தாழ 34 டிகிரி ஆகும். உங்கள் கையேட்டிலுள்ள உச்ச அளவையும் தாண்டி ஆய்வக எண் வந்தால், வீட்டுக் குழாயிலேயே தனியாக மென்னீராக்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உப்புக் கிண்ணத்தில் எஞ்சிய கல்லுப்பை அள்ளி எடுத்துவிட்டுச் சரியான உப்பை நிரப்பி, அளவைக் குறித்து, கடைசி அலசலில் தண்ணீர் துளியாக நிற்காமல் வடியச் செய்யும் ரின்ஸ் எய்ட் திரவத்தையும் ஊற்றிப் பத்து நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் படிந்தால், பாகத்தில் என்ன குறை என்பதை எழுத்தில் கேளுங்கள். வாரண்டி இருக்கும் காலத்தில் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்றுப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் மாநகராட்சித் தண்ணீர்தான் வருகிறது; வெள்ளை படிவதில்லை. ஆனால் சொதி வைத்த பாத்திரமும் இட்லித் தட்டும் அரைகுறையாகவே வெளுக்கின்றன. முன்கூட்டியே கையால் கழுவிவிட்டுத்தான் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கறிவேப்பிலை, மிளகாய், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவற்றை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே வையுங்கள். டிஷ்வாஷர் பொடியிலுள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கவே சேர்க்கப்படுகின்றன. சொதியின் தேங்காய்ப்பால் கொழுப்புக்குச் சூடு வேண்டும். 65 முதல் 70 டிகிரி வரை செல்லும் தீவிர சுழற்சியைத் தேர்ந்தெடுங்கள். இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றித் தனித்தனியாக, குழி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு நிறுத்துங்கள். அலுமினியத் தட்டு என்றால் வைக்கவே வேண்டாம். பொடியின் காரத்தில் கறுத்துவிடும். பழக்கிய இரும்புத் தோசைக்கல்லும் மண்சட்டியும் இயந்திரத்துக்கு உரியவை அல்ல.

எங்கள் வீட்டிலும் மேல்தட்டுப் பாத்திரங்கள் ஒரு மாதமாகச் சரியாகக் கழுவப்படவில்லை. பொடியை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. ஒரு நாள் தண்ணீரைப் பீய்ச்சும் மேல் கரத்தைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே ஏதோ கலகலத்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, ஒவ்வொரு துளையிலும் தாளிதக் கடுகு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கீழேயுள்ள வடிகட்டியை நாங்கள் கழுவிவிட்டுச் சரியாகத் திருகிப் பூட்டாமல் வைத்ததால் வந்த வினை அது. பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்த பிறகு பாத்திரங்கள் பழையபடி வெளுத்தன. தாளிக்காத குழம்பே இல்லாத வீடுகளில் வாரம் ஒரு முறை வடிகட்டியையும், மாதம் ஒரு முறை இரு கரங்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில், தங்களிடமே ஓராண்டுக்கான உப்பும் பொடியும் சேர்த்து வாங்கினால்தான் இயந்திரத்தைத் தருவோம் என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது, 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை எனச் சொல்லப்பட்டுள்ளது. அந்த நிபந்தனையை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள். புகார் செய்ய விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஐ அழைக்கலாம்.