சண்டைக்கு உதவாத சின்னச் சின்ன மந்திரங்களை மந்திரவாதிக்கு எப்படி உருவாக்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஃபேன்டஸி ஆட்டத்தில் நீங்கள் டிஎம், அதாவது கதையையும் ஆட்டத்தையும் நடத்துபவர். உங்கள் மந்திரவாதியிடம் இருப்பதெல்லாம் நெருப்பும் பனியும் மின்னலும்தான். சண்டை முடிந்தால் அவருக்கு வேலை இல்லை. அவருக்காகச் சின்ன மந்திரங்களைச் சொந்தமாக எழுத ஆசை, ஆனால் ஆட்டத்தின் சமநிலை கெட்டுவிடுமோ என்று பயம்.

நான் நெடுநாளாக டிஎம் ஆக இருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே இதுதான். ஒரு சின்ன மந்திரம் எழுதி முடித்ததும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மேசையில் இருக்கும் வேறு யாருடைய வேலையை இது பிடுங்குகிறது? இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு நண்பரை வருத்தப்படுத்திய பிறகே கற்றுக்கொண்டேன்.

மந்திரவாதி ஆடியவருக்கு ‘தாழ் நீக்கு’ என்று ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். சாதாரணப் பூட்டைத் தொட்டால் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். யாருக்கும் காயம் இல்லை, சின்னதுதானே என்று நினைத்தேன். அடுத்த செஷனில் ஒரு பாழடைந்த கோட்டை, மூன்று கதவுகள். முதல் கதவை மந்திரவாதி திறந்தார். இரண்டாவதையும் அவரே திறந்தார். மூன்றாவது கதவுக்கு வந்தபோது ரோக் (பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரத் திருடன் பாத்திரம்) ஆடிய நண்பர் இருபது முகப் பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டத் தயாராக இருந்தார். “இருங்க, இதையும் நானே திறந்துடறேன்” என்று எதிரிலிருந்து குரல் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பகடையைத் துணிப்பையில் போட்டு நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். அதன் பிறகு அன்று அவர் வாய் திறக்கவே இல்லை. அந்த முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் பூட்டைத் திறக்கும் மந்திரம் ‘நாக்’. அது இரண்டாம் நிலை மந்திரம். அதைப் போட்டால் 300 அடி தூரம் வரை கேட்கும் அளவுக்குத் தட்டும் சத்தம் வேறு எழும். ரோக் சத்தமில்லாமல் முடிக்கிற காரியத்தை மந்திரவாதி ஊரைக் கூட்டித்தான் முடிக்க முடியும். அந்தச் சத்தம்தான் ரோக்கின் பிழைப்பைக் காப்பாற்றுகிறது. நான் சத்தத்தையும் எடுத்துவிட்டேன், ஸ்பெல் ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற கணக்கு) செலவையும் எடுத்துவிட்டேன். ‘சின்னது’ என்று நான் பெயர் வைத்ததால் அது சின்னதாகிவிடவில்லை.

அந்த மந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ‘கடைசி ஓசை’ என்று ஒன்று கொடுத்தேன். விதி இதுதான்: ஒரு பொருளை விரலால் தொட்டால், அதற்கு ஒரு முழ தூரத்துக்குள் கடைசியாக எழுந்த ஓசை 6 விநாடிக்கு அதிலிருந்து வெளியே வரும். மந்திரச் சொல் கிடையாது, விரல் அசைவு மட்டும். வெளியே வந்த ஓசை பொருளைவிட்டுப் போய்விடும். புதிதாக ஏதாவது கேட்கும்வரை அந்தப் பொருள் ஊமை. பக்கத்தில் நிற்கும் எல்லோர் காதிலும் அது விழும், காவலாளி காதிலும்தான்.

முதல்முறை அதைப் பயன்படுத்தியது ஒரு வணிகரின் அறையில், மேசைக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில். பெட்டி அருகே யார் பேசினாலும் அந்தப் பேச்சுதான் ‘கடைசி ஓசை’ ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பாத்திரங்கள் மட்டுமில்லை, ஆடுகிறவர்களே பேச்சை நிறுத்திவிட்டார்கள். மந்திரவாதி ஆடியவர் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். நான் மெதுவாகச் சொன்னேன்: “சாவி நுழைகிறது. இடப்பக்கம் இரண்டு சுற்று. ஒரு நிறுத்தம். வலப்பக்கம் அரைச் சுற்று. பிறகு ஓர் இருமல்.” உடனே ரோக் முன்னால் சாய்ந்து, “அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம்? தட்டிக் காட்டுங்க” என்றார். மேசையில் தட்டிக் காட்டினேன். பகடை வெளியே வந்தது. அட்வான்டேஜ் கொடுத்தேன், இரண்டு உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொண்டார், பெட்டி திறந்தது. ஆனால் இன்னொருவருக்கு அந்த இருமல் மேல்தான் கண். போன செஷனில் வாசலில் இருமிக்கொண்டே நின்ற கணக்கரை அவர் மறக்கவில்லை. வணிகருக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்தது யார் என்று அங்கேயே பிடித்துவிட்டார்கள். அது நான் திட்டமிட்டதைவிட இரண்டு செஷன் முன்னதாக நடந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மந்திரங்களும் பூட்டைப் பற்றியவைதான். முதலாவது ரோக்கை உட்கார வைத்தது, இரண்டாவது அவர் கையில் வேலையைக் கொடுத்தது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

அடுத்து ஒரு கணக்கு. இதைப் போடாமல் எந்தச் சின்ன மந்திரத்தையும் கொடுக்காதீர்கள். ஒரு ரவுண்ட், அதாவது சண்டையில் ஒரு சுற்று, 6 விநாடி, அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 600 ரவுண்ட். கேன்ட்ரிப் என்று ஆட்டத்தில் சொல்லப்படும் சின்ன மந்திரத்துக்குச் செலவே கிடையாது. அதனால் நீங்கள் எழுதிய மந்திரத்தை ஒருவர் உட்கார்ந்த இடத்தில் 600 முறை போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் என்றால் 600 குவளை, பாலைவனப் பயணம் என்ற கதையே செத்துப்போகும்.

பழைய பதிப்புகளில் இந்தக் கவலை குறைவு. 1985இல் வந்த துணைநூலில் கேன்ட்ரிப்புகளையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முதல் நிலை மந்திரத்தின் இடத்தில் நான்கு கேன்ட்ரிப்புகள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் பூஜ்ய நிலை மந்திரங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. அந்தப் பூஜ்ய நிலையில் ஒரே ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) காயத்தை ஆற்றும் மந்திரமும் இருந்தது. 2009இல், மூன்றாம் பதிப்பின் விதிகளிலிருந்து உருவான பாத்ஃபைண்டர் ஆட்டம் அந்த எண்ணிக்கை வரம்பை நீக்கியது. ஒன்றை 600ஆல் பெருக்கிப் பாருங்கள், காயம் என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. ஆகவே அந்த மந்திரத்தை எடுத்துவிட்டு, சாகக் கிடப்பவரின் உயிர் போகாமல் நிறுத்தி வைக்கும் ஒன்றை மட்டும் அந்த இடத்தில் வைத்தார்கள். அதை 600 முறை போட்டாலும் ஒரு முறை போட்டதற்கும் பலன் ஒன்றுதான். நல்ல சின்ன மந்திரத்துக்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் இது. ‘கடைசி ஓசை’யில் ஓசை பொருளைவிட்டுப் போய்விடுகிறது என்று எழுதியதும் இதே காரணத்துக்காகத்தான்.

‘லைட்’ மந்திரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு தீப்பந்தம் 1 மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் 20 அடிக்கு மங்கல் வெளிச்சம். லைட் கேன்ட்ரிப்பும் அச்சாக அதேதான். அது ஒருவரிடம் வந்தவுடன் பந்தக் கணக்கு எழுதுவது நின்றுபோகும். இருட்டைக் கண்டு பயப்பட வேண்டிய ஆட்டம் உங்களுடையது என்றால், நான் அதைக் கொடுக்கவே மாட்டேன். வேறு வகை ஆட்டம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். நேரத்தைக் கூட்டுவதும் ஒரு வழி. உடைந்ததை ஒட்டும் ‘மெண்டிங்’கைப் போட 1 நிமிடம் ஆகும், ஆக மணிக்கு 60 முறைதான், அதுவும் நெருக்கடியில் கைகொடுக்காது.

சரி, மந்திரத்துக்கான யோசனை எங்கிருந்து வரும்? மந்திரவாதியின் அறையிலிருந்து. கேன்ட்ரிப் என்பதே ஸ்காட்லாந்து மக்களின் பழைய சொல், சில்லறை மாயவித்தை என்ற அர்த்தம். 1985 பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒரு பயிற்சி மாணவன்தான் கண்முன் வருகிறான். தூசி தட்டு, பளபளப்பாக்கு, தையல் போடு, முடிச்சுப் போடு, காய வை, சுவை கூட்டு. குரு ஏவும் வேலைகளை முணுமுணுத்துக்கொண்டே மந்திரத்தால் முடிக்கக் கற்றவன் அவன். பல மந்திரங்களுக்குத் தலைகீழும் உண்டு: முடிச்சுக்கு அவிழ்ப்பு, பளபளப்புக்கு மங்கல். உங்கள் மந்திரவாதியை ஆடுபவரிடமே கேளுங்கள்: உன் பாத்திரம் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் எந்த வேலையை வெறுத்தது? கிடைக்கும் பதில்தான் மந்திரம்.

கேட்டும் ஒன்றும் வரவில்லையா, 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா ஆட்டத்தின் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து வினைகள்: ஆக்கு, அறி, மாற்று, அழி, ஆள். நீர், தீ, காற்று, உடல், மனம் என்று பத்துப் பொருள்வகைகள். வினை ஒன்று, பொருள் ஒன்று, சேர்த்தால் மந்திரம். ஐம்பது சோடிகள் கிடைக்கும். நான் ‘அறி’ வினையைத்தான் அதிகம் எடுப்பேன், ஏனென்றால் தெரிந்துகொண்ட விஷயத்தை வைத்து மற்றவர்களும் ஏதாவது செய்யலாம். ‘அழி’யும் ‘ஆக்கு’வும் ஒரே ஆளோடு முடிந்துபோகும்.

இப்போது எங்கள் மேசையில் இருப்பவற்றில் இரண்டு. ‘பழகிய பக்கம்’: மூடிய புத்தகத்தை மேசைமேல் நிறுத்தி, முதுகில் தட்டிக் கையை எடுத்தால், உரிமையாளர் அதிகம் புரட்டிய பக்கத்தில் அது விரிந்து விழும். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம்தான். அதை வாசித்துப் பொருள் காண்பது பக்கத்தில் இருக்கும் அறிஞரின் வேலை. ‘மைவாங்கி’: ஒரு தாளில் உள்ள மையை முழுவதும் உறிஞ்சிக் குப்பியில் நிரப்பும். 1 நிமிடம் ஆகும். அதே தாளில் கொட்டினால் எழுத்து பழையபடி வந்து உட்காரும், வேறு தாளில் வெறும் கறைதான். கடிதத்தை வெற்றுத் தாளாக எல்லை கடத்தலாம், ஆனால் குப்பியை இன்னொருவர் தனியாகச் சுமக்க வேண்டும். எங்கள் குழுவில் போர்வீரர் சுமந்தார். அந்தக் குப்பி உடையாமல் அவர் ஒரு பாலத்தைத் தாண்டியது சண்டையைவிடப் பதற்றமாக இருந்தது.

மனிதர்களின் மனத்தைத் தொடுபவற்றைச் சின்ன மந்திரமாக எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. பேசிச் சம்மதிக்க வைப்பதில் கெட்டிக்காரரான ஆட்டக்காரர் ஒருவர் எப்போதும் மேசையில் இருப்பார். எழுதியே ஆக வேண்டும் என்றால் 2014 பதிப்பின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ மாதிரி எழுதுங்கள். 1 நிமிடம் முடிந்ததும் எதிராளிக்கு நடந்தது தெரிந்து, பகையாகிவிடுவார். அதேபோல் எந்தச் சோதனைக்கும் பொருந்துகிற ‘கூடுதல் எண்’ மந்திரமும் வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் ‘கைடன்ஸ்’ ஒரு நான்கு முகப் பகடையைக் கூட்டித் தரும். அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் அதன் பெயரைச் சொல்வார், அதைத் தவிர அவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

கொடுக்கும் விதமும் முக்கியம். ஐந்தாம் பதிப்பு மந்திரவாதி முதல் நிலையில் மூன்றே கேன்ட்ரிப்புகளோடு தொடங்குகிறார். அதில் ஒன்று நெருப்பு அம்பு என்பது எழுதாத விதி. மீதி இரண்டில் ‘பழகிய பக்கம்’ போட்டியிட்டால் தோற்கும். அதனால் எங்கள் மேசையில் சொந்தமாக எழுதிய மந்திரங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொடக்கத்தில் இரண்டு இலவசம், பிறகு கதையில் ஒரு குருவையோ பழைய ஏட்டையோ தேடிப் போனால் இன்னொன்று.

புதிய மந்திரத்தை மூன்று செஷனுக்குப் பென்சிலில் எழுதி வைக்கச் சொல்வேன், எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு. ‘மைவாங்கி’யில் முதலில் நேர அளவு இல்லை. இரண்டாவது செஷனில் ஒரு நூலகத்தையே வெள்ளைத் தாளாக்கிவிட முடியும் என்று மந்திரவாதி ஆடியவரே கணக்குப் போட்டுக் காட்டி, “1 நிமிடம்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டு, அழித்து எழுதினார்.