அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம்: பெயின்ற் அடிக்க முன் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: நல்லூர்ப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். ஆவணியில் பெயின்ற் அடித்தோம், கார்த்திகை மழையோடு திரும்ப வந்துவிட்டது. இரவில் ஏசி போடுவோம், விடிந்ததும் யன்னல்களைத் திறந்துவிடுவோம். காற்றோட்டம் போதாது என்கிறார் வீட்டுக்காரர். ஆறு வயது மகனுக்கு இருமல் விடுவதாயில்லை.

பதில்: முதலில் மகனை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் பூஞ்சணம் இருப்பதையும் சொல்லுங்கள். ஒவ்வாமையையும் இழுப்பையும் அது கூட்டும். அந்தச் சுவர் சரியாகும்வரை அவரை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

பூஞ்சண வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் உண்டு. அவை முளைக்க ஈரம் வேண்டும். ஈரத்தை விட்டுவிட்டுப் பெயின்ற் அடித்தால் அந்தப் பெயின்ற்றின் மேலேயே திரும்ப வளரும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். ஆகவே தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ரேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். வழக்கம்போல ஏசியும் போட்டு இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் சுவர் கசிகிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஈரம் காற்றிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். வெளியே 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் இருந்தால், ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பது இப்படித்தான். இரவு முழுக்க 20 பாகையில் குளிர்ந்த சுவர் மேல் விடிய யன்னலைத் திறந்து மழைக்காலக் காற்றை விட்டால் சுவரும் வியர்க்கும். அலுமாரிக்குப் பின்னால் காற்று அசையாததால் அந்த ஈரம் காய்வதில்லை. வீட்டுக்காரர் சொல்லும் காற்றோட்டம் நல்லதுதான், ஆனால் இந்த நேரத்தில் அது உதவாது.

ஏசியை 26 பாகையில் வையுங்கள். காலையில் அதை நிறுத்திய பின், சுவரைத் தொட்டுப் பார்த்துக் குளிர் விட்டதும் யன்னலைத் திறவுங்கள். மழை வெறித்து வெயில் எறிக்கும் நேரமே அதற்கு நல்லது. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். மழைநாளில் உடுப்பை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவீர்களானால் அதை நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரெல்லாம் அறைக் காற்றில்தான் சேரும். குசினியிலும் குளியலறையிலும் ஆவியை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். எங்கள் பழைய கல்வீடுகளில் கூரையடியில் விட்ட துவாரங்கள் இந்த வேலையைச் செய்தன. ஏசிக்காக எல்லாவற்றையும் அடைத்த தொடர்மாடியில் அதை நாம்தான் செய்ய வேண்டும். ஈரப்பதன்மானி ஒன்று வாங்கி வையுங்கள். அது 60 வீதத்துக்குக் கீழே நிற்பது நல்லது, 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும்.

சுவர்தான் கசிகிறதென்றால் உள்ளே பூசும் எந்தப் பூச்சும் தீர்வாகாது. வெளிச்சுவர் வெடிப்பு, யன்னல் விளிம்பு, பக்கத்துக் குளியலறைக் குழாய், மேல்மாடிக் குளியலறைத் தளம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழாயைச் சந்தேகித்தால் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றர் ஓடுகிறதா என்று கவனியுங்கள். வெளிச்சுவர் பொதுவாகக் கட்டடத்துக்குப் பொதுவான பகுதி. அதன் திருத்தம் வாடகைக்காரர் தலையில் விழக்கூடாது. பொலித்தீனைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

சுத்தம் செய்யும்போது உலர்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டாதீர்கள், வித்துகள் அறையெங்கும் பறக்கும். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சை ரொயிலட் அசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரீன் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். அலுமாரியின் பின்பலகை ஊறி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பெயின்ற் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய்ப் பெயின்ற்றை விட்டு நீர்ப் பெயின்ற்றாக அடியுங்கள்.