டி செல்கள் எங்கே பிறக்கின்றன, எப்படி ஈடாகின்றன?

சாட்ஸ்வொர்த் வாசகர்: என் மகன் ஓராண்டாக ஹெச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறான். இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. ஆனால் சிடி4 எண்ணிக்கை 140-இலிருந்து 260-க்குத்தான் ஏறியிருக்கிறது. மருந்து பலிக்கவில்லையா, டாக்டர்?

மருந்து பலித்திருக்கிறது, வைரஸ் தென்படாததே அதற்குச் சான்று. டி செல்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்; ஹெச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் சிடி4 செல்கள் அவற்றில் ஒரு வகை. நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் காணும் விரைவான ஏற்றம், நிணநீர்க் கணுக்களில் தங்கியிருந்த நினைவு செல்கள் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) இரத்தத்துக்குத் திரும்புவதால் பெரும்பாலும் வருவது. அதன் பின் புதிய செல்கள் பிறந்தாக வேண்டும். அவற்றை முதிரச் செய்யும் தைமஸ் சுரப்பியோ, மார்பெலும்புக்குப் பின்னால் குழந்தைப் பருவத்தில் முழுவீச்சில் இயங்கிவிட்டு, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்புக்கு இடம் கொடுத்துவிடுகிறது. ஆகவே பெரியவர்களின் உடலில், ஏற்கெனவே உள்ள செல்கள் மெல்லப் பிரிந்து பெருகுவதே ஈடுசெய்யும் முக்கிய வழி; அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். மிகக் குறைந்த எண்ணிக்கையில் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இன்னும் தாமதமாகும். 2016 செப்டம்பர் முதல் நம் தென்னாப்பிரிக்க அரசு, சிடி4 எண்ணிக்கை எதுவாயினும் தொற்றுள்ள அனைவருக்கும் மருந்து வழங்குவதை நான் மனமார வரவேற்பது இதனால்தான். மகன் ஒரு நாளும் மாத்திரையை விடாதிருக்கட்டும்.

டோங்காட் வாசகி: முருங்கைக்கீரை தைமஸை வளர்க்குமா?

வளர்க்காது. அது நல்ல உணவு, அவ்வளவே. மாத்திரைக்கு மாற்றாக அதைக் கொள்ள வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி: தைமஸில் உருவாகும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றனவாம். இத்தனை விரயம் ஏன்?

விரயமன்று, தேர்வு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் ஒவ்வொரு இளஞ்செல்லும் தன் ஏற்பியின் (பிற மூலக்கூறுகளைப் பற்றும் புரதத்தின்) மரபணுத் துண்டுகளைக் குலுக்கிச் சேர்த்துக்கொள்வதால், அது எதைப் பற்றும் என்பது முன்கூட்டியே தெரியாது. உடலின் அடையாள மூலக்கூறுகளைச் சிறிதும் பற்ற இயலாத செல், உயிர்வாழும் சமிக்ஞை கிடைக்காமல் சில நாட்களில் மடியும். சொந்தப் புரதங்களை இறுகப் பற்றுவது உடலையே தாக்கக்கூடும் என்பதால் அதுவும் அழிக்கப்படும். இச்சோதனைக்காகத் தைமஸ், கணையத்துக்கு உரிய இன்சுலினைக்கூடச் சிறிதளவு தானே உருவாக்கிக் காட்டுகிறது. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் என்னை வியக்க வைப்பது இதுவே. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே வெளியேறுகின்றன. உடலைத் தாக்கக்கூடியவற்றில் இச்சோதனைக்குத் தப்பிவிடும் சிலவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை ஆராய்ந்தமைக்காக சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவரும் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர்.

பீனிக்ஸ் பாட்டி: பேரனுக்குக் கைக்குழந்தையிலேயே இதய அறுவை நடந்தபோது தைமஸை எடுத்துவிட்டார்கள். அவனுக்கு எதிர்ப்புச் சக்தியே இராதா?

இருக்கும், அம்மா. இதயத்தை மூடியிருப்பதால் அறுவையின்போது அதை எடுக்க நேர்கிறது. 1961-இல் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் நோய்க்கு எளிதில் இரையாவதைக் கண்டார். மனிதக் குழந்தையின் நிலை வேறு. அதன் டி செல்கள் கருவிலிருக்கும்போதே உடலெங்கும் பரவிவிடுகின்றன. இன்டர்லூகின்-7 என்னும் புரதத்தின் துணையோடு அவை பிழைத்து, பிரிந்து பெருகுகின்றன. எண்ணிக்கை சற்றுக் குறையலாம், அவை விரைவில் முதுமையும் அடையலாம். ஆயினும் இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் கடும் தொற்றின்றியே வளர்கிறார்கள். கிளினிக்குக்குச் செல்லும்போதெல்லாம் தைமஸ் எடுக்கப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தடுப்பூசிகளை மருத்துவர் குறிக்கும் நாளில் போட்டுவிடுங்கள்.