அப்பப்பாவின் கமராவுக்கு இப்போது பிலிம் வேண்டாம்

கேள்வி: என் அப்பப்பா மட்டக்களப்பு நகரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். துருத்தியும் பித்தளை லென்சும் உள்ள அவருடைய மரக் கமரா பரணிலிருந்து கிடைத்தது. கண்ணாடித் தட்டு வைக்கும் சட்டங்கள் மூன்றும் இருக்கின்றன. ஷட்டர் இல்லை, லென்ஸ் மூடி மட்டும் உண்டு. பெரிய பிலிமில் படம் எடுக்க ஆசை. எந்தப் பிலிம் வாங்கலாம்? எப்படித் தொடங்கலாம்? – வாசகி, கல்லடி

பதில்: முதலில் சட்டத்தின் உள்ளளவை எடுங்கள். பழைய ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்கியது ‘அரைத்தட்டு’, அதாவது 4¾ × 6½ அங்குலம். இன்று எளிதில் கிடைக்கும் பெரிய பிலிம் 4 × 5 அங்குலம். அது அந்தச் சட்டத்தில் நிற்காமல் ஆடும்.

அதைவிடப் பெரிய தடை வேகம். எஃப்பி4 போன்ற கறுப்பு வெள்ளைப் பிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் வேகத்தின் எண், 125. நம் ஊர் வெயிலில் லென்சின் துவாரத்தை எஃப் 32க்குச் (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்) சுருக்கினாலும், செக்கனில் முப்பதில் ஒரு பங்கு வெளிச்சமே அதற்குப் போதும். மூடியைக் கையால் திறந்து மூடும் வேகத்தில் அது நடக்காது. உங்கள் கமரா மெதுவான தட்டுகளுக்காகச் செய்யப்பட்டது, அதற்கு மெதுவான பொருளையே கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடும் புகைப்படத் தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். அதன் வேகம் ஏறத்தாழ ஐஎஸ்ஓ 6. அதே வெயிலில், அதே எஃப் 32இல், முக்கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவு. எஃப் 45 வரை சுருக்க முடிந்தால் ஒன்றேகால் செக்கனுக்குச் சற்று மேல். மூடியைக் கழற்றி, ‘ஒன்று’ என்று நிதானமாகச் சொல்லி மூடிவிடலாம்.

தாள் வாங்கும் முன் துருத்தியைச் சோதியுங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் ஒரு சிறிய டோர்ச்சை வைத்து, வெளியிலிருந்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். ஓட்டைகள் பெரும்பாலும் மடிப்புகளின் மூலைகளில்தான் இருக்கும், ஊசிமுனை அளவில், வரிசையாக. ஒவ்வொன்றிலும் துணியில் தீட்டும் கறுப்பு வர்ணத்தை மெல்லிய தூரிகையால் தொட்டுவையுங்கள். துருத்தியை விரித்தபடியே நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

8 × 10 அங்குலத் தாள் ஒன்றை நீளவாட்டில் 4¾ அங்குலமாக இரண்டு தடவை அளந்து, அகலத்தை 6½ ஆகக் குறைத்தால் இரண்டு அரைத்தட்டுத் துண்டுகள் கிடைக்கும். சிவப்பு விளக்கில் வெட்டலாம். ஆனால் உங்கள் விளக்கு உண்மையிலேயே பாதுகாப்பானதா என்று முதலில் பாருங்கள்: ஒரு துண்டுத் தாளின் மேல் நாணயத்தை வைத்து, விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள். பழைய கண்ணாடித் தட்டின் பருமனுள்ள கறுப்பு அட்டையைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, அதன் முன்பக்கத்தில் தாளை வையுங்கள். பளபளப்பான பக்கம் லென்சைப் பார்க்க வேண்டும். தாள் அட்டைக்குப் பின்னால் போனால் படம் விழாது. பருமன் தவறினால், கமராவின் பின்னால் உருவம் விழும் மங்கல்கண்ணாடியில் நீங்கள் கண்ட கூர்மை தாளில் வராது.

இந்தத் தாள் நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும்தான் காணும், சிவப்பைக் காணாது. வானம் வெளுத்துப்போகும், உதடு கறுக்கும். மாலை வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால், வாவிக்கரையில் ஐந்தரை மணிக்கு ஒளிமானி சொல்லும் நேரம் தாளுக்குப் போதாது, இரட்டிப்பாகவாவது கொடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எதுவும் மிஞ்சாது. முதல் படங்களை ஒரு வேம்பின் நிழலில் எடுங்கள், நிழலுக்கு நேரம் கூடும். டெவலப்பரையும் ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீருக்குப் பதில் பதினான்கு பங்கில் கரைத்தால் சாயல்கள் இளகும். தாள் தட்டத்தில் மிதக்கும்போது சிவப்பு ஒளியில் படம் எழுவதைக் கண்ணால் காண்பீர்கள். எத்தனை செக்கன் கூடியது, எத்தனை குறைந்தது என்பதை அந்த இரண்டு நிமிடங்கள் கற்றுத்தருவதைப் போல எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்சரில் போட்டு, கழுவிக் காயவைத்த நெகட்டிவைப் புதிய தாளின் மேல் முகத்தோடு முகம் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெளிச்சம் காட்டினால் நேர்ப்படம் வரும்.

மங்கல்கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். தலைக்கு மேல் போர்த்தும் மூடுதுணி உள்ளே கறுப்பும் வெளியே வெள்ளையுமாக இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முழுக் கறுப்புத் துணிக்குள் நிற்க முடியாது. கடற்கரை மணலில் முக்காலி மெல்ல மெல்லப் புதையும், ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். லென்ஸ் பூட்டிய முன்பலகை மேலே உயருகிறதா என்றும் பாருங்கள். பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீட்டை எடுக்கக் கமராவை அண்ணாத்தினால் கோபுரம் பின்னால் சாயும். கமராவை மட்டமாக வைத்து முன்பலகையை உயர்த்தினால் உச்சியும் உள்ளே வரும், சுவரும் நேராக நிற்கும்.

இருபது தாள்கள் நன்றாக வந்தபின் பிலிமுக்குப் போகலாம். 4 × 5 பிலிமை அதே கறுப்பு அட்டையில் மூலைகளைச் செருகி வைக்கலாம். முழு இருட்டில், பிலிமை நெட்டாகப் பிடித்து, விளிம்பிலுள்ள வெட்டுக்குறியை வலது கைச் சுட்டுவிரலால் தடவித் தேடுங்கள். அது மேல் விளிம்பின் வலது ஓரத்தில் இருந்தால் மருந்து பூசிய பக்கம் உங்களைப் பார்க்கிறது. அந்தப் பக்கமே லென்சைப் பார்க்க வேண்டும். ஷட்டர் இல்லாததால் பொழுது சாயும் நேரமே உங்களுக்குரியது. அங்கே ஒரு கணக்கு உண்டு: நீண்ட நேரத்தில் பிலிம் சோர்ந்துவிடும். ஒளிமானி 10 செக்கன் என்றால் எஃப்பி4க்கு 18, 30 என்றால் 72.

உண்மையான சவால் தண்ணீர். பிலிமை டெவலப் செய்யும் நேரங்கள் 20 பாகைக்கு எழுதப்பட்டவை, நம் குழாயில் வருவது 28, 30. ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்றாகக் கரைத்தால் 20 பாகையில் 11 நிமிடம், 28இல் ஆறு நிமிடம்கூட இல்லை. அவ்வளவு குறுகினால் திட்டுத்திட்டாக வரும். ஒன்றுக்கு மூன்றாகக் கரையுங்கள். அப்போது 20 பாகையில் 20 நிமிடம், 28இல் ஏறத்தாழப் பத்தரையாகும், கைக்கு நிதானம் கிடைக்கும். ஐஸ் போட்டு டெவலப்பரை மட்டும் குளிர்விப்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்து, கடைசியில் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். என் மாமாவின் முகம் முழுவதும் காய்ந்த குளத்துச் சேறு போல வெடித்துவிட்டது. அவரை மறுபடி எடுக்கக் கிடைக்கவில்லை. டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். 26 பாகைக்குக் கீழே எல்லாவற்றையும் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

கமராவைத் தோல்பெட்டிக்குள் திருப்பி வைக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். லென்சைக் கழற்றி, சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், துருத்தியைப் பாதி விரித்துக் காற்றாட விடுங்கள்.