மாலை போட்டால் 41 நாள் குடிக்காத அப்பாவால் மற்ற நாளில் ஏன் முடியவில்லை?

அன்புள்ள மேடம்,

எனக்கு 24 வயது. சொந்த ஊர் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். கோவையில் ஹாஸ்டலில் தங்கிக் கணக்கு வேலை பார்க்கிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். தம்பி பிளஸ் டூ. அப்பா டெய்லர்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவிடம் ஜாக்கெட் தைக்கப் பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் வருவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஊர்த் துணியெல்லாம் தைத்து முடித்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு எனக்குப் பாவாடை தைப்பார். விடிந்து கண் முழித்தால் தலைமாட்டில் இருக்கும். அந்த அப்பாவால் இப்போது காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ராத்திரி மிச்சம் வைத்த கட்டிங்கைக் குடித்தால்தான் கை நிற்கிறது. கடையைத் திறப்பதே பதினொரு மணிக்கு மேல்தான். துணி கேட்டு வருகிறவர்களிடம் "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று தம்பிதான் சொல்கிறான். வெளியே வாங்கிய கடனை நான் மாதாமாதம் அடைக்கிறேன். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பா தள்ளாடிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவார். 41 நாள் ஒரு சொட்டுத் தொட மாட்டார். விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், எங்களிடம் சிரித்துப் பேசுவார். மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பாட்டில். சாமிக்காக முடிகிறது, எங்களுக்காக முடியாதா? நாங்கள் அவ்வளவுதானா?

போன வருடம் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. மாலை போட்ட மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து, "சுவரெல்லாம் எறும்பு ஊருது, தட்டி விடுங்க" என்றார். அங்கே எறும்பே இல்லை. படுத்தபடியே கால் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடியது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், காய்ச்சல் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். ஐந்தாம் நாள் மாலையைக் கழற்றிவிட்டுக் குடித்தார், உடனே தெளிந்துவிட்டார். சாமி குத்தம் என்று அம்மா சொல்கிறார். இந்த வருடம் சுத்தமாக விரதம் இருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார். யாரோ கொடுத்த மாத்திரையைப் பொடி செய்து அப்பாவுக்குத் தெரியாமல் ரசத்தில் வேறு கலக்கிறார்.

ஒருநாள் ராத்திரி, இவர் போய்ச் சேர்ந்தால் நாங்கள் நிம்மதியாக இருப்போம் என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பா திரும்பி வருவாரா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான இரண்டு விஷயங்கள். இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள்.

ரசத்தில் கலக்கும் பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இப்படிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிரம் என்ற மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிர்கூடப் போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது. அம்மாவைத் திட்டாதீர்கள். வேறு வழி தெரியாமல்தான் செய்திருக்கிறார்.

இரண்டாவது, போன வருடம் அந்த மூன்றாம் நாள் ராத்திரி நடந்தது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது சாமி குத்தமும் இல்லை, வெறும் காய்ச்சலும் இல்லை. வருடக்கணக்காகக் குடிக்கிறவரின் மூளை, மது தன்னை மந்தப்படுத்துவதை ஈடுகட்ட எப்போதும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த வேகத்துக்குத் தடையே இல்லை. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். இல்லாத எறும்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும். அவரவர் தொழிலின் அசைவுகளைக் கையும் காலும் தானாகச் செய்யும். உங்கள் அப்பா மிதித்தது அந்த மிஷினைத்தான். குடித்ததும் தெளிந்தது கண்கட்டு இல்லை. விட்டுப்போன மது மறுபடி கிடைத்ததால் மூளை அடங்கியது, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் இந்த நிலையில் உயிர் போகும். அன்று தப்பித்தது நல்ல காலம்.

அதனால் இந்தக் கார்த்திகையில் மாலையை மட்டும் நம்பி அவரைத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். ஏறத்தாழ ஒரு வாரம் படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும், தயமின் என்ற பி1 விட்டமின் ஊசியும் கொடுத்து நடுக்கமில்லாமல் இறக்கிவிடுவார்கள். அந்த ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம். போன வருடம் எறும்பு தெரிந்ததையும் கால் ஆடியதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு முன் வலிப்போ பிதற்றலோ வந்தால் யோசிக்காமல் 108.

இப்போது உங்கள் கேள்வி. சாமிக்காக முடிவது எங்களுக்காக ஏன் முடியவில்லை?

அந்த 41 நாளை நன்றாக நினைத்துப் பாருங்கள். விடியலில் எழ ஒரு காரணம் இருக்கிறது. கூடவே நாலு பேர் இருக்கிறார்கள். நேற்று வரை குடிகாரன் என்ற ஊர் இன்று "சாமி" என்று கூப்பிடுகிறது. யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர் வெட்கப்படவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம், கழுத்து மாலையே சொல்லிவிடும். மாலையைக் கழற்றும் ஒரே மணி நேரத்தில் இத்தனையும் போய்விடுகிறது. பழைய கூட்டாளிகளும் பழைய சாயங்காலமும்தான் மிச்சம். நிறுத்துவது ஒன்று, நிறுத்திய பிறகு நாளைக் கடத்துவது வேறொன்று. உங்கள் மேல் பாசம் குறைந்ததால் அவர் திரும்பக் குடிக்கவில்லை. அந்த 41 நாளில் அவரைச் சுற்றி நின்றவை 42-ம் நாள் இல்லை என்பதால் குடிக்கிறார். எனக்கு அந்த 41 நாள் பெரிய நம்பிக்கை தருகிறது. சுற்றி ஆள் இருந்தால் அவரால் முடியும் என்று காட்டியிருக்கிறாரே.

இதைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் வருடம் முழுவதும் செய்கின்றன. 1935-ல் அமெரிக்காவில், குடியை விட நினைத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்தது. தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடித்து மீண்டவர் சொல்வதை அப்பா கேட்பார். நாம் சொன்னால் அவருக்கு அது புத்திமதி.

பேச வேண்டியதைக் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். ராத்திரிச் சண்டை அவருக்கு ஞாபகமே இருக்காது, உங்களுக்குத்தான் இருக்கும். "உங்க கை நடுங்குறதைப் பார்க்கப் பயமா இருக்குப்பா, டாக்டரைப் பார்க்கலாம், நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொன்னால் போதும். சாராயத்துக்காக வாங்கிய கடனை இனி அடைக்காதீர்கள். வீட்டு வாடகை, தம்பி படிப்பு, அரிசி, பருப்பு, இவற்றுக்கு அம்மா கையில் கொடுங்கள். தம்பியை "காய்ச்சல்" என்று பொய் சொல்ல வைக்க வேண்டாம். "அப்பா இன்னும் வரலை" என்று சொன்னால் போதும், மீதியை அப்பாவே வாடிக்கையாளரிடம் சொல்லட்டும்.

ஆள் வைத்துத் தூக்கிப்போய் அடைத்துவைக்கும் இடங்களைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். மனநல ஆணையத்தின் பதிவு இல்லாத இடத்துக்கு அனுப்பாதீர்கள். அடியும் பட்டினியும் வைத்தியமாகாது. யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால், போதை மீட்புக்கான இலவச எண் 14446.

போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்று நினைத்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இதே வார்த்தைகளை என் முன்னால் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் முடிய வேண்டும் என்று நினைத்தது அந்த ராத்திரிகளை. பாவாடை தைத்த அப்பாவை இல்லை. தூக்கமில்லாமல் தவிக்கும்போது அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம். குடிக்குத் தன் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், குடிப்பவரோடு வரும் குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு உண்டு. உங்கள் மூவருக்கும் உதவி தேவை. அதை அப்பா சம்மதிக்கும் வரை தள்ளிப்போட வேண்டாம்.

திரும்பி வருவாரா என்று கேட்டீர்கள். பலர் வந்திருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே இல்லை. நடுவில் ஒருநாள் வழுக்கினால், போனதெல்லாம் வீண் என்று எண்ணாமல் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வைத்தியம் முடிந்து டாக்டர் சரி என்றால் அப்பா மாலை போடட்டும், அம்மா மனசும் ஆறும். குருசாமியிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மாத்திரைகள் பையில் இருக்கட்டும், விரதம் என்று அவற்றை நிறுத்த வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வரும் தேதி தெரிந்ததும், அதற்கு மறுநாளே டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கி வையுங்கள். அன்று சாயங்காலம் முடிந்தால் நீங்கள் ஊரில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்