முத்திரை யார் கையில்?

வணக்கம். நாவல்களைப் பற்றி எழுதும் அதே தோரணையில் வீடியோ கேம் பற்றியும் எழுதுகிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். அவன் பார்க்கும் யூடியூப் விமர்சனங்களில் ‘கிராபிக்ஸ் வேற லெவல், கதை சுமார், பத்துக்கு ஏழு’ என்று முடித்துவிடுகிறார்கள். செய்தித்தாளைத் திறந்தால் அடிமையாகிவிடுவார்கள் என்ற எச்சரிக்கை. இதற்குமேல் எழுத என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்ன இரண்டு வகை எழுத்தும் எனக்கும் அலுப்புத்தான். சினிமாவுக்கு விமர்சனம் எழுதிப் பழகிய கையோடு விளையாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கதை, காட்சி, இசை எல்லாம் பார்க்கிறார்கள். ஆடுபவர் அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது மட்டும் விட்டுப்போகிறது.

லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டுக்குக் கதைச்சுருக்கம் எழுதினால் நாலு வரி தேறாது. 1982ஆம் ஆண்டு, கற்பனையான ஒரு நாடு, எல்லைச் சாவடியில் நீங்கள் குடிநுழைவு அதிகாரி. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லையில் வரிசை நின்று மலேசியாவின் ஜோகூர் போய்வரும் நமக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருவதே ஒரு மாதிரி இருக்கும். மேசை சின்னது. கடப்பிதழ், நுழைவுச் சீட்டு, வேலை அனுமதி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இழுத்து நகர்த்தித் தேதி பார்க்க வேண்டும். கடிகாரம் ஓடும். ஓர் ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 கிரெடிட், அந்த விளையாட்டின் பணம். அதில்தான் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவதிலிருந்து அபராதம்.

அப்புறம் ஒருவர் வருகிறார். அவருடைய தாள்கள் சரி. பின்னால் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்கிறார். அந்தம்மாவிடம் நுழைவுச் சீட்டு இல்லை. அதுவரை ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு இரக்கம் காட்டச் செலவே கிடையாது. ஏற்கெனவே இரண்டு தவறு செய்தவருக்கு அதே இரக்கத்துக்குக் காசு போகும், வீட்டில் பிள்ளை வேறு நோயில் கிடக்கலாம். நாவலில் படித்தால் அதிகாரிமேல் கோபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இங்கே முத்திரை என் கையில். அனுமதி மறுக்கும் சிவப்பைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எந்த விதி என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்ப்பதுதான் எனக்கு விமர்சனம். அதற்குப் பத்துக்கு எத்தனை போட?

மதிப்பெண் விளையாட்டான விஷயமும் இல்லை. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். வந்தது 84.

நம் ஊரிலேயே 2007இல் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விளையாட்டு தடை செய்யப்பட்டது. ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுக்கிரகப் பெண்ணும் நெருங்கும் காட்சிதான் காரணம். சீக்கிரமே தடை நீங்கி எம்18, அதாவது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று ஆனது, அடுத்த ஆண்டு விளையாட்டுகளுக்கு வயது வகைப்பாட்டு முறையும் வந்தது. வகைப்பாடு வேண்டியதுதான். ஆனால் அந்தக் காட்சி ஆடுகிற எல்லோருக்கும் வராது. பெண் நாயகியை எடுத்து, அந்த உறவை நீங்களே வளர்த்துக்கொண்டுபோனால்தான் வரும். திரைப்படத்தில் ஒரு காட்சி இருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

அடிமையாகும் கவலை நியாயமானது. மணிக்கணக்கை மட்டும் எண்ணாதீர்கள் என்பேன். தினமும் உள்ளே வந்தால் பரிசு என்று இழுக்கும் விளையாட்டும், ஒரு புதிரோடு உங்களைத் தனியே விட்டுவிடும் விளையாட்டும் வேறு வேறு.

மகனிடம் கதையைக் கேட்காதீர்கள். நேற்று எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய் என்று கேளுங்கள், நிறுத்தாமல் பேசுவான். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கைப்பேசியிலும் கிடைக்கிறது. முதலில் நீங்கள் ஆடிப் பாருங்கள். உடல் சோதனைப் படங்களில் ஆடையில்லாத உருவங்கள் வரும், அதை அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிட்டு அவனிடம் கொடுங்கள்.