ரிவெர்ப் பெடல்: எதற்கு, எங்கே, எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கிதார் ப்ராசஸரோடு (பல எஃபெக்ட்டுகளை ஒரே பெட்டியில் தருவது) தனியாக ஒரு ரிவெர்ப் பெடல் (பெரிய அறையில் வாசித்தது போல ஒலியை மெல்லத் தேய்ந்து மறையவைக்கும் கால் பெட்டி) சேர்ப்பது பற்றித்தான் இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து கேள்விகள் குவிந்திருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கோயில் (தேவாலய) பாட்டுக் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிப்பவர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

என்னிடம் பாஸ் ஜிடி-1 ப்ராசஸர் இருக்கிறது. அதன் ரிவெர்ப் பிளாஸ்டிக் மாதிரி ஒலிக்கிறது என்று குழுவில் சொல்கிறார்கள். பாஸ் ஆர்வி-6 வாங்கலாமா, டிசி எலெக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் 2 வாங்கலாமா? கிதாருக்கும் ஜிடி-1க்கும் நடுவில் மாட்டினால் போதும்தானே?
– வாசகர், மார்த்தாண்டம்

நடுவில் மாட்டாதீர்கள். டிஸ்டார்ஷனும் ஆம்ப் மாடலும் உங்கள் ப்ராசஸருக்குள் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் செய்கிற வேலையே பெரிய ஒலியை அமுக்கி, சின்ன ஒலியைத் தூக்கி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான். ரிவெர்ப் மெல்லத் தேய்ந்து மறைகிற சின்ன ஒலி. அது முன்னால் போனால், தேய வேண்டிய வால் தேயாமல் அடுத்த கார்டின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிளீன் பேட்ச்சில் (டிஸ்டார்ஷன் இல்லாமல் சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) இது அவ்வளவாகத் தெரியாது. சோலோவுக்குப் போனதும் கஞ்சியாகிவிடும்.

ஜிடி-1இல் சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள் (ஒலியை நடுவில் வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் ‘லூப்’) கிடையாது. சூம் ஜி1 ஃபோரிலும் அப்படித்தான். ஆகவே உங்களுக்கு ஒரே வழிதான்: கிதார், ஜிடி-1, ரிவெர்ப் பெடல், மிக்சர். மிக்சரில் ஒரே சேனல் தருகிறார்கள் என்றால் ஜிடி-1இன் எல்/மோனோவிலிருந்து பெடலின் மோனோ இன்புட்டுக்கும், பெடலின் மோனோ அவுட்புட்டிலிருந்து மிக்சருக்கும் ஒவ்வொரு கேபிள். இரண்டு சேனல் கிடைத்தால் இரண்டு பக்கமும் மாட்டலாம். நீங்கள் கேட்ட இரண்டு பெடல்களுமே ஸ்டீரியோவில் வாங்கி ஸ்டீரியோவில் தருபவை.

மாட்டிய பிறகு இரண்டு விஷயங்கள் காலை வாரும். முதலாவது, ஜிடி-1இன் ஒவ்வொரு பேட்ச்சும் தன் ரிவெர்பைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். நீங்கள் பயன்படுத்துகிற எல்லாப் பேட்ச்சிலும் அதை அணைத்து சேவ் செய்ய வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பாட்டில் மட்டும் ரிவெர்ப் மேல் ரிவெர்ப் விழும். இரண்டாவது, லெவல். ரிவெர்ப் பெடல் பெரும்பாலும் கிதார் தருகிற சிறிய சிக்னலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. ப்ராசஸரின் அவுட்புட் அதைவிடப் பலமாக வரலாம். மெதுவாக வாசிக்கும்போது சுத்தமாக இருந்து, ஓங்கி அடித்தால் மட்டும் கரகரத்தால் காரணம் இதுதான். ப்ராசஸரின் அவுட்புட்டைக் குறைத்து, இழந்ததை மிக்சரின் கெயினில் ஈடுகட்டுங்கள்.

எது வாங்குவது? ஆர்வி-6இல் நான்கு குமிழ், எட்டு மோடு, மெனு எதுவும் இல்லை. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவே குனிந்து சட்டென்று திருப்பிவிடலாம். ஹால் ஆஃப் ஃபேம் 2இல் டோன்பிரிண்ட் என்ற செயலி வழியாகப் புதிய ஒலிகளை ஏற்றலாம், ஃபுட்ஸ்விட்சை அழுத்திப் பிடித்தே ஒலியை விரிக்கலாம். பாட்டுக் குழுவுக்கு எங்கள் ஓட்டு ஆர்வி-6க்கு. மெதுவாக மேகம் மாதிரி விரிகிற ஒலிதான் வேண்டும் என்றால் மற்றது.

காசு எடுக்கும் முன் இன்னொன்று. ‘பிளாஸ்டிக்’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ரிவெர்பில் மேல் அதிர்வெண்கள் அதிகமாக இருப்பதால் வருவது. ஜிடி-1இன் ரிவெர்பில் ஹை கட்டை (மேல் அதிர்வெண்களை வெட்டும் எல்லை) 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, ப்ரீ-டிலேயை (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் வைத்து, லெவலை மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஒரு ஞாயிறு வாசித்துப் பாருங்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் பெடல் காசு மிச்சம்.

லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் ப்ராசஸரின் லூப்பில் ரிவெர்ப் பெடல் மாட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும்தான் ரிவெர்ப் வருகிறது. அதோடு கிதார் ஒலியே கனமில்லாமல் தகரம் மாதிரி ஆகிவிட்டது. பெடல் பழுதா?
– வாசகர், நாகர்கோவில்

பெடலில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

ஒரு பக்கம் மட்டும் வருவது கேபிளால். ஸ்டாம்ப்பின் சென்ட் ஒரே டிஆர்எஸ் (ஸ்டீரியோ) ஜாக். இடது, வலது இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கிதாருக்கு மாட்டுகிற சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் வலது பக்கம் எர்த்தோடு சேர்ந்து செத்துவிடும். பின்னின் நுனியைப் பாருங்கள்: ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் டிஆர்எஸ். ஒரு முனையில் டிஆர்எஸ், மறு முனையில் இரண்டு மோனோ பின் பிரிகிற ஒய் கேபிள்தான் தேவை. கடையில் ‘இன்சர்ட் கேபிள்’ என்று கேட்டால் தருவார்கள். ரிட்டர்னுக்கு இடது, வலது தனித்தனி ஜாக்; அங்கே சாதாரண மோனோ கேபிள் இரண்டு போதும்.

தகரச் சத்தம் கொஞ்சம் சுவாரசியமானது. எஃப்எக்ஸ் லூப் பிளாக்கில் ‘மிக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதை 50 சதவீதத்தில் வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் கிதாரின் நேர் ஒலி இரண்டு பாதையில் வருகிறது: ஒன்று ப்ராசஸருக்குள்ளேயே, மற்றது பெடலுக்குப் போய்த் திரும்பி. வெளியே போகும்போது டிஜிட்டல் அனலாக் ஆகிறது, திரும்பும்போது மறுபடி டிஜிட்டல் ஆகிறது. இதற்கு ஓரிரு மில்லிசெகண்ட் பிடிக்கும். 2 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். அப்போது 250, 750, 1250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உங்கள் கிதாரின் இரண்டாம் கம்பி, விரல் வைக்காமல் தட்டினால் 247 ஹெர்ட்ஸ். முதல் ஓட்டை நேராக அதன் மேல் விழுகிறது!

மிக்ஸை 100 சதவீதத்துக்கு ஏற்றி, ரிவெர்பின் அளவைப் பெடலிலேயே வையுங்கள். அல்லது பெடலில் நேர் ஒலியை நிறுத்துகிற ‘கில் ட்ரை’ வசதி இருந்தால் அதை ஆன் செய்து, மிக்ஸை 20 சதவீதத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள். ஹால் ஆஃப் ஃபேமில் அந்த ஸ்விட்ச் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும். குளோபல் செட்டிங்கில் சென்ட், ரிட்டர்ன் இரண்டும் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ப்ரீசெட் மாற்றும்போது ரிவெர்ப் அறுபடக் கூடாது என்பதற்காக மட்டும் பெடல் வாங்கியிருந்தால் அது லூப்பில் இருந்து பயனில்லை. ரிட்டர்ன் ஆகிற ஒலியும் ப்ராசஸர் வழியாகத்தானே வெளியே போகிறது. ப்ரீசெட் மாறுகிற கணத்தில் அதுவும் துண்டாகும். பெடலை ஸ்டாம்ப்பின் அவுட்புட்டுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அல்லது ஒரே ப்ரீசெட்டுக்குள் ஸ்னாப்ஷாட்டாக (அதே ப்ரீசெட்டில் சேமித்த வேறு அளவுகளாக) மாற்றுங்கள்.

எங்கள் கோயில் பெரியது, காங்கிரீட் கூரை. வாசிக்கிற எனக்கு ரிவெர்ப் சரியாக இருக்கிறது. பின்பெஞ்சில் இருப்பவர்கள் ‘ஒண்ணுமே விளங்கல்ல’ என்கிறார்கள். எந்தப் பெடல் வாங்கினால் தெளிவாகும்?
– பாட்டுக் குழு உறுப்பினர், குளச்சல்

எந்தப் பெடல் வாங்கினாலும் தெளிவாகாது. கட்டடமே ஒரு ரிவெர்ப் பெடல். அதற்கு அணைக்கிற ஸ்விட்ச் கிடையாது.

நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். பீடத்திலிருந்து பின்சுவர் 35 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 70 மீட்டர், 0.2 நொடி. நிமிடத்துக்கு 72 அடி விழுகிற பாட்டில் ஓர் அடிக்கு 0.83 நொடி. கால் அடி தாண்டுவதற்குள் பின்சுவரிலிருந்து உங்கள் கார்டு திரும்பி வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூரை, பக்கச்சுவர், கிரானைட் தரை. நீங்கள் மானிட்டருக்கு அருகில் நிற்பதால் இது எதுவும் காதில் விழாது, ஒலி வறண்டிருப்பதாக நினைத்து இன்னும் ரிவெர்ப் ஏற்றுவீர்கள்.

மைக் செட்டை ஆன் செய்யும் முன், ஆளில்லாத கோயிலில் பீடத்தருகே நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ஒருவர் பின்பெஞ்சில் நின்று, சத்தம் அடங்க எத்தனை நொடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பார்க்கட்டும். 2 நொடிக்கு மேல் போனால் ஹால், ஷிம்மர் மோடுகளை மறந்துவிடுங்கள். ரூம் அல்லது பிளேட், நேரம் 1 நொடிக்குள், டோன் குமிழ் 10 மணித் திசையில், எஃபெக்ட் லெவல் 9 மணியில். பிறகு ஒரு சரணம் வாசிக்கச் சொல்லி, பின்பெஞ்சில் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிப்பவர் மேடையில் நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை மாலை ஒத்திகையில் வைத்த அளவு ஞாயிறு திருப்பலியில் குறைவாகத் தெரியும். உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும். அப்போது லெவலை ஒரு கோடு ஏற்றலாம், நேரத்தைத் தொடாதீர்கள். திறந்த வெளியில், திருவிழா மேடையிலோ கிறிஸ்துமஸ் பவனியிலோ வாசிக்கும்போது கதை தலைகீழ். அங்கே சுவரே இல்லை, 2, 2.5 நொடி ஹால் தாராளமாகப் போடலாம். இதற்காகவே இரண்டு அளவையும் பெடலின் பக்கத்தில் டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

ஷிம்மர் மோடு எப்போது பயன்படும்?
– வாசகர், கருங்கல்

ரிவெர்ப் வாலை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கித் திரும்பத் திரும்ப உள்ளேயே ஊட்டுவதுதான் ஷிம்மர். தனிக் கிதாரில் மெதுவான பாட்டுக்கு அழகு. கீபோர்டுக்காரர் ஏற்கெனவே ஸ்டிரிங்ஸ் பேட் (வயலின் கூட்டம் போல நீண்டு நிற்கும் ஒலி) பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் அதே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். ட்யூனிங் அரைக்கால் பிசகியிருந்தாலும் ஷிம்மர் அதைக் கூரையில் ஏறிக் கூவும்.

பிளேட், ஸ்பிரிங் என்றெல்லாம் பெயர் ஏன்?
– மாணவர், தக்கலை

முன்பு நிஜமாகவே தகடும் சுருளும்தான். ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த இஎம்டி 140இல் பெரிய இரும்புத் தகடு ஒன்று சட்டத்தில் தொங்கும். அதை அதிரவைத்து ஒலியை எடுப்பார்கள். ஸ்பிரிங் ரிவெர்ப் ஹேமண்ட் ஆர்கனிலிருந்து கிதார் ஆம்ப்புக்கு வந்தது. ஃபெண்டர் 1961இல் தனிப்பெட்டியாகவே விற்றது. தகடு அடர்த்தியாக, சீராக ஒலிக்கும். சுருள் ‘டொய்ங்’ என்று துள்ளும். பழைய மெல்லிசைப் பாட்டுகளின் கிதார் துணுக்குகளுக்கு ஸ்பிரிங்கைக் குறைவாகப் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து பெடலையும் அதன் அடாப்டரையும் அனுப்பியிருக்கிறான். பின் மாற்றி மட்டும் வாங்கினால் போதுமா?
– வாசகர், அருமனை

அடாப்டரின் முதுகில் ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பின் மாற்றி போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகவே வேண்டாம். நம் 230 வோல்ட்டில் அது கருகும். கருகுவதற்கு முன் 9 வோல்ட்டுக்குப் பதில் ஏறக்குறைய இரட்டிப்பைப் பெடலுக்குள் தள்ளிவிடவும் கூடும். இங்கேயே ஒரு 9 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள்.

வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். துருவம்: பெரும்பாலான பெடல்களுக்கு நடுப்பின் மைனஸ், கீபோர்டு அடாப்டர்களில் பல இதற்கு நேர்மாறு. மின்னோட்டம்: ஆர்வி-6க்கு 95 மில்லியாம்ப், ஹால் ஆஃப் ஃபேம் 2க்கு 100, ஸ்ட்ரைமன் பிக்ஸ்கைக்கு 300. அடாப்டர் அதைவிட அதிகம் தரலாம், குறையக் கூடாது. குறைந்தால் பெடலின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ரிவெர்ப் மட்டும் விட்டுவிட்டு வரும். பலர் இதைப் பெடல் பழுது என்று எண்ணிச் சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாவது, பின்னின் துளை. பெடல்களில் 2.1 மில்லிமீட்டர் வழக்கம், ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பின் அடாப்டரில் 2.5. பெரிய துளைப் பின் சின்ன ஜாக்கில் நுழையும், ஆனால் ஆடும். மேடையில் யாராவது வயரை மிதித்தால் அணைந்துவிடும்.

ரிவெர்ப் பெடல் சேர்த்ததிலிருந்து ‘கீ...’ என்று ஒரு சத்தம்.
– மெல்லிசைக் குழு, குழித்துறை

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி வயரில் ப்ராசஸருக்கும் பெடலுக்கும் கரண்ட் கொடுக்கிறீர்கள் போலிருக்கிறது. டிஜிட்டல் சாதனங்களின் உள் கடிகாரத் துடிப்பு பொதுவான எர்த் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புகுந்து சத்தமாகிறது. பெடலுக்குத் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குவதே தீர்வு.

‘கீ’ இல்லாமல் அடிக்குரலில் ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது மிக்சரோடு ஏற்படும் எர்த் வளையம். டிஐ பாக்ஸில் (கிதார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) சிக்னல் வயரின் எர்த்தைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் ஒடிக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடுகிற திருவிழா மேடையில், கிதார் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மைக்கில் வைக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

கடற்கரையிலிருந்து 200 மீட்டரில் வீடு. ஆறு மாதத்தில் ஜாக் எல்லாம் பச்சை பிடித்துவிட்டது. ரிவெர்ப் வந்து வந்து போகிறது.
– வாசகர், முட்டம்

உப்புக்காற்று. பெடலை அணைத்து, வயரைக் கழற்றி, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு சுத்தமான பின்னின் மேல் லேசாக அடித்து, அதை ஜாக்கில் பத்துத் தடவை செருகி எடுங்கள். பின்னைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. 15 நிமிடம் ஆறவிட்டு மின் இணைப்புக் கொடுங்கள். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்; தூசியைப் பிடித்துவைத்து நிலைமையை மோசமாக்கும்.

எது பழுது என்று பிரித்தறிய, லூப் உள்ள ப்ராசஸர் என்றால் பெடலைக் கழற்றிவிட்டுச் சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு நல்ல கேபிளை நேராக மாட்டுங்கள். ஒலி நிலையாக வந்தால் குறை பெடலிலோ அதன் கேபிளிலோ கரண்டிலோ. அப்போதும் விட்டுவிட்டு வந்தால் ப்ராசஸரின் ஜாக்கில்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்வதால் ஈரம் ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை இழுக்கும். அந்த மாதங்களில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு பெடலை வையுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். பெடலோடு வந்த துணிப்பையிலேயே போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை வாங்கிப் பிடித்துக்கொள்ளும்.